இளம் இயற்கைத் தன்னார்வலரைப் பாராட்டுவது எப்படி? சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்து ஏரிக்கரைகளிலும் ஏற்காட்டு மலைப்பாதையிலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளோடு பறவை, பட்டாம்பூச்சி, மரம் பார்க்கப் போகிற சிறு குழு எங்களுடையது. ஆண்டு விழா நெருங்கினால் தலைமையாசிரியர்களும் குடியிருப்போர் சங்கத்தாரும், சில நேரம் பிள்ளைகளின் பெற்றோரும் கூப்பிட்டுக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சங்கதிதான்: "இந்தப் பிள்ளை நல்லா வேலை செய்யுதுங்க, எப்படிப் பாராட்டறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதி வைத்துவிட்டோம்.

எங்கள் பள்ளியில் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப் போய்ப் பறவை காட்டுகிறாள். இதெல்லாம் பாராட்டும் அளவுக்குப் பெரிய வேலையா?

பெரிய வேலைதான். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

கன்னங்குறிச்சி மூக்கனேரியை எடுத்துக்கொள்வோம். 2010 வாக்கில் சேலத்து மக்கள் கூடித் தூர்வாரி, எடுத்த மண்ணிலேயே சின்னச் சின்னத் திட்டுகள் அமைத்து மரம் நட்ட ஏரி அது. அந்தக் கரையில் முதன்முதலாக பைனாகுலரைக் கையில் வாங்குகிற ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. வானமும் தண்ணீரும் ஆடும். "எங்கக்கா? எங்கக்கா?" என்பான். தண்ணீரில் முக்குளிப்பான் இருக்கிறது. அவன் தேடி முடிப்பதற்குள் அது மூழ்கிவிடும். விவரம் தெரிந்த அக்கா விரலை நீட்டிக் காட்ட மாட்டாள். அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, "முதல்ல வெறுங்கண்ணால பாரு. கண்ணை எடுக்காம அப்படியே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா" என்பாள். மூழ்கியது எங்கே எழும்பும் என்று பந்தயம் வேறு கட்டுவாள். பையனுக்கு அன்றைக்கு ஒரு பறவை கிடைத்துவிடும்.

இதைப் பத்துப் பேருக்கு, ஒருவர் தண்ணீரில் விழாமல், ஒருவர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்ட இடத்தை மிதிக்காமல், வெயில் ஏறுவதற்குள் செய்து முடிக்க வேண்டும். ஆள்காட்டி தரையில்தான் முட்டையிடும். முட்டை கூழாங்கல்லோடு கல்லாகக் கிடக்கும். "அது ஏன் நம்மைப் பார்த்துக் கத்துகிறது?" என்று பிள்ளைகளை யோசிக்க வைத்துவிட்டு, கூட்டத்தை அப்படியே பின்னால் நடத்திக்கொண்டு வரத் தெரிந்த பதினைந்து வயதுக்காரி உங்கள் பள்ளியில் இருந்தால், அந்தப் பாராட்டு ஏற்கெனவே தாமதம்.

சால்வையும் கேடயமும் போதாதா?

போடுங்கள், குற்றமில்லை. வீட்டில் அலமாரியில் வைத்து விருந்தாளிக்குக் காட்ட ஒன்று வேண்டும்தான். அதோடு முடித்துவிடாதீர்கள்.

சால்வைக்கும் கேடயத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஆகிற செலவில் பாதியை அந்தப் பிள்ளையின் வேலைக்குத் திருப்பினால் அதன் பயன் பல வருஷம் நிற்கும். எங்களைக் கேட்டால் முதல் பரிசு பைனாகுலர். 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முகப்பு வில்லை 42 மில்லிமீட்டர், விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். 20 மடங்கு, 30 மடங்கு என்று விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பறவை எத்தனை மடங்கு பெரிதாகிறதோ, கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும்.

அதற்கு வசதியில்லை என்றால் தமிழில் ஒரு பறவைக் கையேடு, ஒரு நல்ல குறிப்பேடு. அதுவும் முடியாதா? ஏற்காட்டுக்குப் போய்வரும் பஸ் கட்டணத்தை ஒரு வருஷத்துக்குப் பள்ளி ஏற்றுக்கொள்ளலாம். பல பிள்ளைகள் ஒரு கட்டத்துக்கு மேல் வராமல் போவதற்குக் காரணம் ஆர்வம் குறைவது அல்ல, அந்தப் பஸ் காசுதான். அதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

காசே வேண்டாத பரிசும் ஒன்று உண்டு. அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்டு ஏதாவது ஒன்றை மாற்றுவது. பள்ளி வளாகத்தில் கூடு கட்டியிருக்கிற மரத்தை இந்த வருஷம் வெட்ட வேண்டாம் என்று அவள் கேட்டால் வெட்டாதீர்கள். அதை இறைவணக்கக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லி அறிவியுங்கள்.

பாராட்டுக் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுத வேண்டும்?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. கேடயத்தை வேறு எவரும் படித்துப் பார்க்கப் போவதில்லை. கடிதம் பத்து வருஷம் கழித்தும் பயன்படும்.

எங்கள் கைக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்: "இயற்கையின்பால் அளவற்ற ஆர்வம் கொண்ட இம்மாணவி, சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பணிகளில் தன்னை முழுமையாக ஈடுபடுத்திக்கொண்டு, சமுதாயத்திற்கு ஒரு முன்மாதிரியாகத் திகழ்கிறார்." பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்துகிற கல்யாண வாழ்த்து மடல் மாதிரி இருக்கிறது. படிக்கிறவருக்கு இந்தப் பெண் என்ன செய்தாள் என்று ஒரு சொட்டும் தெரியாது.

இப்படி எழுதிப் பாருங்கள். இது ஒரு கற்பனை மாதிரிதான். உங்கள் பிள்ளையின் விவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"இவர் எட்டாம் வகுப்பிலிருந்து மூன்று ஆண்டுகளாக மாதம் இரண்டு ஞாயிறு மூக்கனேரியில் நீர்ப்பறவைகளை எண்ணிப் பதிந்து வருகிறார். ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களுக்காக இவரே தயாரித்த இருபது பறவைப் பட அட்டைகளை இப்போது மற்ற இரண்டு வகுப்பு ஆசிரியர்களும் பயன்படுத்துகிறார்கள். இவரிடம் பழகிய நான்கு மாணவர்கள் இன்று தாங்களாகவே கணக்கெடுக்கிறார்கள். கரையோரம் குப்பை எரிப்பதால் நாணல் கருகுவதைப் படங்களோடு எழுதி உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்தார். அதன்பின் அந்த இடத்தில் குப்பைத் தொட்டி வைக்கப்பட்டது."

ஐந்தே வாக்கியம், ஒரு புகழ்ச்சி அடைமொழிகூட இல்லை. என்ன செய்தார், எங்கே, எவ்வளவு காலம், அதனால் என்ன ஆனது, யார் கற்றுக்கொண்டார்கள் என்று எல்லாம் வந்துவிட்டது. நடக்காமல் போனதையும் எழுதலாம். "குப்பைத் தொட்டி கேட்டார், இன்னும் வைக்கவில்லை, மூன்றாவது முறையாக மனு கொடுத்திருக்கிறார்" என்று இருந்தால் அந்தக் கடிதத்தின் மேல் எங்களுக்கு நம்பிக்கை கூடும்.

கடிதத்தை எழுத வேண்டியவர் கூடவே நின்று பார்த்தவர். தலைமையாசிரியர் கையெழுத்துப் போடட்டும்; வாசகம் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலரிடமிருந்தோ, பள்ளிச் சுற்றுச்சூழல் குழுவான பசுமைப்படையின் பொறுப்பாசிரியரிடமிருந்தோ, கூடப் போன அண்ணன் அக்காவிடமிருந்தோ வரட்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே இருக்கிறது? நாங்கள் எதையும் எழுதி வைக்கவில்லையே?

இன்றிலிருந்து வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், வந்தவர்கள் எண்ணிக்கை, பார்த்தது, சொல்லிக்கொடுத்தது. வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளினால் நடக்காது. கரையிலேயே எழுத வேண்டும்.

பறவை என்றால் இபேர்டு செயலி இருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், இலவசம், பறவைப் பெயர்களைத் தமிழிலும் காட்டும். குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு பதிந்தால் அது முழுப்பட்டியல். அழகான பறவையை மட்டும் பதிந்துவிட்டுக் காக்கையை விட்டுவிட்டால் ஆராய்ச்சிக்காரருக்கு அதிகம் உதவாது. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தோதானவை. பட்டாம்பூச்சி, செடி, பூச்சி என்றால் ஐநேச்சுரலிஸ்ட் செயலி. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோர் அனுமதியோடுதான் கணக்கு தொடங்க வேண்டும். இரண்டிலும் தேதியும் இடமும் தானாகவே நின்றுவிடுவதால், நாளைக்கு எந்த விண்ணப்பத்திலும் இணைப்பைக் கொடுத்தால் போதும்.

கல்லூரிப் பிள்ளையாக இருந்தால் நாட்டு நலப்பணித் திட்டத்தின் நேரக் கணக்கே நல்ல ஆதாரம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் முகாம். அந்த 240 மணியில் எத்தனை மணி ஏரியிலும் மலையிலும் கழிந்தது என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் பிடிவாதம். "ஆயிரம் மரக்கன்று நட்டவர்" என்று எழுதாதீர்கள். சேலத்து வெயிலில் கன்று நடுவது வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு கோடை தாண்டி எத்தனை நிற்கிறது, யார் தண்ணீர் ஊற்றினார்கள், ஆடு கடிக்காமல் முள்வேலி போட்டது யார் என்று எழுதுங்கள். ஐம்பது நட்டு முப்பதைக் காப்பாற்றியவர், ஆயிரம் நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டவரைவிட எங்கள் கண்ணுக்கு உயரம்தான்.

எந்தெந்த விருதுகளுக்கு விண்ணப்பிக்கலாம்?

விதிகளும் கடைசித் தேதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறோம்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒன்றிய அரசின் பிரதமர் தேசியக் குழந்தைகள் விருது, அதாவது ராஷ்ட்ரிய பால் புரஸ்கார். ஐந்து வயது முதல் பதினெட்டு வரை. வீரம், கலை, விளையாட்டு, சமூக சேவை, அறிவியல் ஆகியவற்றோடு சுற்றுச்சூழலும் அதில் தனிப் பிரிவு. இணையத்தில்தான் பரிந்துரை, யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம். நாடு முழுவதிலிருந்தும் மிகச் சிலருக்கே கிடைக்கும்: 2024 டிசம்பர் 26 அன்று வாங்கியவர்கள் எல்லாப் பிரிவிலும் சேர்த்து 17 பேர். ஆகவே விண்ணப்பியுங்கள், ஆனால் வீட்டில் அதையே பேச்சாக வைத்துப் பிள்ளையை ஏங்க விடாதீர்கள்.

15 முதல் 35 வயது வரை தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் மாநில இளைஞர் விருது. சுதந்திர தின விழாவில் தருகிறார்கள். இதன் அறிவிப்பு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வழியாக வரும். இயற்கைப் பக்கம் இருக்கிறவர்கள் விளையாட்டு அலுவலகத்து அறிவிப்பைப் பார்ப்பதே இல்லை, அதனால் தவறவிடுகிறார்கள்.

சுற்றுச்சூழல் துறையின் பசுமை சாம்பியன் விருது தனிநபர், பள்ளி, கல்லூரி, அமைப்பு எல்லோருக்கும் பொது. மாநிலம் முழுக்க வருஷத்துக்கு 100 பேருக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பரிசீலிக்கும். பள்ளியாக விண்ணப்பித்தால் அந்தப் பிள்ளையின் பங்கைத் தனியாக ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் விருதுப் படத்தில் தாளாளர் மட்டும்தான் இருப்பார்.

ஆங்கிலத்தில் எழுத வரும் பிள்ளைகளுக்கு, காட்டுயிர் இதழ் நடத்துகிற சேங்சுவரி அமைப்பு தரும் விருதுகளில் இளம் இயற்கையாளர் என்று ஒரு பிரிவு உண்டு. காட்டுயிர்ப் பக்கம் இருப்பவர்கள் மதிக்கிற விருது.

பணம் கட்டினால் "சர்வதேச இளம் சாதனையாளர்" என்று சான்றிதழ் அனுப்புகிற கும்பல்களும் இருக்கின்றன. பதிவுக் கட்டணம் என்று ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுங்கள்.

எங்கள் தெருப் பையன் பாம்பு பிடித்துக் காட்டில் விடுகிறான். எவ்வளவு தைரியம்! அவனுக்கு விருது கொடுக்கலாமா?

வேண்டாம்.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் பாம்பைப் பிடிப்பது குற்றம். நாகம், கண்ணாடி விரியன், சாரை எல்லாம் அதன் பட்டியலில் இருப்பவை. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், மேடையில் அவனுக்கு மாலை போட்ட மறுநாள் அதே தெருவில் இன்னும் நான்கு பையன்கள் குச்சியோடு கிளம்புவார்கள். அதில் ஒருவன் கட்டுவிரியனைத் தண்ணீர்ப்பாம்பு என்று நினைத்துத் தொட்டால் யார் பொறுப்பு? பாம்பு வந்தால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்வதுதான் முறை.

"பாம்பு பிடிக்கிறவர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்களே?" என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். 2023இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும். அவர்கள் பரம்பரை பரம்பரையாக அந்த அறிவோடு வளர்ந்தவர்கள். அந்தச் சமூகத்தார் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அரசு அனுமதியோடு பாம்பின் விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிப்பதற்குக் கொடுக்கிறது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதோடு அதைச் சேர்த்துப் பேசக்கூடாது.

அந்தப் பையனை விட்டுவிடவும் வேண்டாம். அவனுக்குப் பாம்பு அடையாளம் தெரியும் என்றால் அதை வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் படத்தில் காட்டி, கடித்தால் கயிறு கட்டாதே, வாயால் உறிஞ்சாதே, நேராக அரசு மருத்துவமனைக்குப் போ என்று இருபது பள்ளியில் அவன் சொன்னானானால், அதற்குக் கொடுங்கள் விருது.

கையில் குஞ்சுப் பறவையோடு நிற்கிற படம், கூட்டுக்குள் போனை நீட்டி எடுத்த படம், அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நடந்த படம் எல்லாம் இதே கணக்கில்தான். விண்ணப்பத்தில் வைத்தால் விவரம் தெரிந்த நடுவர் அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுவார். கோடையில் மலையில் தீப்பிடித்தால் அணைக்க ஓடுகிற பிள்ளைகளையும் "வீரர்" என்று புகழாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்ததை நாம் மறந்துவிடவில்லை.

மலை கிராமத்துப் பிள்ளைகள் யாரும் பரிந்துரைப் பட்டியலில் வருவதே இல்லையே?

வராது. பட்டியல் போடுகிறவர்கள் கீழே டவுனில் இருக்கிறார்கள்.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலருக்குத் தெரிவது எங்களுக்குப் பத்து வருஷம் நடந்தாலும் வராது. காப்பித் தோட்டத்து நிழல் மரத்தில் எந்தக் கிளையில் எந்த மாதம் ஆர்க்கிட் பூக்கும், மிளகுக்கொடி ஏற்றுவதற்காக வரிசையாக நட்ட சில்வர் ஓக்கில் ஏன் ஆர்க்கிட் அவ்வளவாக ஒட்டுவதில்லை, காட்டு மாடு எந்த ஓடையில் இறங்கும் என்றெல்லாம் நடந்துகொண்டே சொல்வார்கள். இந்த மலையின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கிற வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற மரம் இங்கே உண்டு. அந்தப் பெயரை நாம் புத்தகத்தில் படிக்கிறோம். மரத்தை நமக்குக் காட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1960களிலிருந்து இருக்கிறது. அங்கே பள்ளிச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள், வழியில் இருக்கிற மலைப் பள்ளியிலிருந்து ஒரு பெண்ணையோ பையனையோ கூட்டிக்கொண்டு போய் அவர்களையும் பேச வையுங்கள்.

அவர்கள் பெயர் பட்டியலில் ஏறாததற்குக் காரணங்கள் சாதாரணமானவை. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கும். போனில் சிக்னல் இருக்காது. இவர்கள் செய்வதை யாரும் தன்னார்வப் பணி என்று நினைப்பதில்லை, அவர்களும் நினைப்பதில்லை. யாராவது ஒருவர் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதி, பிறகு மொழிபெயர்த்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். நாள் முழுக்க உங்களுக்கு வழிகாட்டிய மலைக் கிராமத்து இளைஞருக்குச் சான்றிதழ் நீட்டிவிட்டு "தன்னார்வலர்" என்று அனுப்புவது சரியில்லை. அது வேலை. கூலி கொடுங்கள். சான்றிதழ் அப்புறம்.

எந்த ஆர்க்கிட் எந்தப் பாறையில் இருக்கிறது என்று கடிதத்திலோ செய்தியிலோ எழுதிவிடவும் வேண்டாம். அடுத்த வாரமே யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். "ஏற்காடு வட்டாரம்" என்று போட்டால் போதும்.

மலைப்பாதையில் குப்பை பொறுக்குகிற குழுவுக்கு?

கொடுக்கலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் என்ன கிடக்கிறது என்பது போய்வருகிற எல்லோருக்கும் தெரியும். எத்தனை மூட்டை என்பதோடு, என்ன பொருள், எந்த வளைவில் அதிகம் என்று எண்ணி எழுதிய குழுவுக்கு முன்னுரிமை கொடுங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று வண்டியை நிறுத்திப் பணிவாகச் சொல்லிப் பார்த்த பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று கொடுக்கலாம். எவ்வளவு ஏச்சு வாங்கியிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பதினெட்டு ஆகாத பிள்ளையின் படத்தையும் பெயரையும் போடலாமா?

பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போடுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள், மேடைக்கு வரவே கூச்சப்படுகிற பிள்ளைகள் இந்தத் துறையில் நிறைய. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்கள் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

பெயரும் வகுப்பும் போதும். போன் நம்பர், வீட்டு முகவரி, "ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறு மணிக்குத் தனியாக இந்த ஏரிக்கு வருவார்" போன்ற விவரங்கள் கூடவே கூடாது. பெருமையாக எழுதுவதாக நினைத்து இதைத்தான் முதலில் எழுதுகிறார்கள்.

விழாவை எப்போது, எங்கே வைக்கலாம்?

காட்டுயிர் வாரம் அக்டோபர் 2 முதல் 8 வரை. பறவையியலாளர் சாலிம் அலி பிறந்த நாள் நவம்பர் 12. இரண்டும் நல்ல சமயம். வலசைப் பறவைகளும் வந்திருக்கும். உலக ஈரநில நாள் பிப்ரவரி 2, ஆனால் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளையை அந்த நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள். மே மாதம் ஏற்காட்டில் வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் மைக் வைத்தாலும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது.

இடம், முடிந்தால் வேலை நடந்த இடமே. ஏரிக்கரையில் காலை ஏழு மணிக்கு, அந்தப் பிள்ளையே வந்தவர்களுக்கு அரை மணி நேரம் பறவை காட்டட்டும். பிறகு கடிதத்தை வாசித்துக் கொடுங்கள். மாலையில் மண்டபத்தில், சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசி, விருது வாங்குகிறவருக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்குகிற ஏற்பாட்டை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் வைக்க நினைத்தால் முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள்.

ஒருவரை மட்டும் பாராட்டினால் மற்ற பிள்ளைகளுக்கு மனக்கஷ்டம் வராதா?

வரும். ஆகவே கூட வேலை செய்தவர்கள் பெயரைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: எண்ணியவர், எழுதியவர், வண்டி ஓட்டியவர். விடியற்காலை நாலரைக்கு எழுந்து டிபன் கட்டிக் கொடுத்த அம்மா, டூவீலரில் கொண்டுவந்து விட்ட அண்ணன் ஆகியோரையும் மேடையில் உட்கார வையுங்கள்.

இதனால் காலேஜில் இடம் கிடைக்குமா?

நேரடியாகக் கிடைக்காது. இங்கே பெரும்பாலான சேர்க்கை மதிப்பெண்ணை வைத்துத்தான். கேடயத்தைக் காட்டி எதுவும் நடக்காது. பெற்றோருக்கு இதை ஒளிவுமறைவில்லாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் பிள்ளை இந்தத் துறையிலேயே போக நினைத்தால் கதை வேறு. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் இளநிலைப் பட்டம் இருக்கிறது. மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி காட்டுயிர் உயிரியலுக்குப் பெயர் பெற்றது. மேல்படிப்புக்கு டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.); ஆராய்ச்சிக்குக் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம். இப்படிப்பட்ட இடங்களில் நேர்காணலுக்குப் போகும்போது "களத்தில் என்ன செய்தாய்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். ஐந்து வருஷத்து ஏரிப் பதிவும், கூட நின்று பார்த்தவர் எழுதிய ஒரு பக்கக் கடிதமும் அப்போது கைகொடுக்கும்.

விருது வாங்கிய பிறகு எல்லா நிகழ்ச்சிக்கும் கூப்பிடுகிறார்கள். பிள்ளை களைத்துப் போய்விட்டது. என்ன செய்வது?

கூப்பிடுகிறவர்களிடம் பெரியவர் ஒருவர் மறுத்துச் சொல்ல வேண்டும்; பிள்ளையால் முடியாது. ரிப்பன் வெட்டும்போது பக்கத்தில் நிற்பதற்கும், பேனரில் முகம் போடுவதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவோ, களத்துக்கு அழைத்துப் போகவோ கூப்பிட்டால் அவளே முடிவு செய்யட்டும். கொஞ்ச நாள் ஏரிப்பக்கமே வராமல் கிரிக்கெட் ஆடினாலும் விடுங்கள். "விருது வாங்கினியே, இப்ப வர்றதில்லையா?" என்று கேட்கிற மாமாக்களைத் தள்ளி நிறுத்துவதும் நம் வேலைதான்.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். என் பெயரை நானே பரிந்துரைக்கலாமா? தம்பட்டம் அடிப்பது மாதிரி இருக்காதா?

தாராளமாக, தம்பி. பிரதமர் குழந்தைகள் விருதுக்குப் பிள்ளைகளே தங்கள் பெயரைப் பதிய விதியே இடம் தருகிறது. நீ செய்ததை நீ எழுதாவிட்டால், நேரில் பார்க்காத ஒருவர் "அளவற்ற ஆர்வம் கொண்ட" என்று எழுதிவிடுவார்.

முதலில் உன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, செய்ததை மட்டும் தேதி வரிசையில் தமிழில் எழுது. அடைமொழி எதுவும் வேண்டாம். குழுவாகச் செய்ததைக் "குழுவாக" என்றே எழுது. உன் பங்கு எது என்று அடுத்த வரியில் சொல். படம் மூன்று போதும், அதில் நீ வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். எழுதி முடித்ததும் உன்னையும் சேலத்தையும் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடு. அவர் எங்கெங்கே "இது எங்கே? எத்தனை பேர்? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறாரோ, அந்த இடங்களை மட்டும் திருத்தி, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பிவிடு. கடைசி நாள் இரவு அந்த இணையதளம் திறக்காது.